கருவிக்கு அனுமதி அளிப்பவர் யார்?

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பணம் எடுப்பதற்கு எத்தனை கட்டுப்பாடுகள் உள்ளன என்பதை நம் உறுப்பினர்கள் யாவரும் அறிவர். காசோலையில் யார் யார் கையொப்பமிடலாம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுகிறது. அத்தீர்மானத்தின் நகலும் மாதிரிக் கையொப்பமும் வங்கிக்குச் செல்கின்றன. இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு. சாவிகள் இரண்டும் ஒருவர் கையில் இருத்தல் ஆகாது. பொறுப்பாளர் மாறினால் பழைய கையொப்பத்தை நீக்கிப் புதியதை அனுப்புகிறோம். எவர்மீதும் ஐயங்கொண்டு இவற்றைச் செய்கிறோம் என்று எவரும் எண்ணுவதில்லை. பலருடைய உடைமையைச் சிலர் கையாளும் இடத்தில், அச்சிலருக்குரிய அதிகாரம் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், என்று முடியும் என்ற மூன்றும் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது கூட்டுறவின் அடிப்படை நெறி.

இந்நெறியைப் பணப்பெட்டிக்கு வைத்திருக்கிறோம். அண்மைக் காலத்தில் நம் சங்கங்களுக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கும் இணையக் கருவிகளுக்கு வைத்திருக்கிறோமா? இதுவே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

வந்து சேர்ந்த கருவிகள்

நம் மாவட்டத்திலேயே எண்ணிப் பார்ப்போம். கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாயவிலைக் கடைகளில் விற்பனை முனையக் கருவி இருக்கிறது. அட்டைதாரர் விரல் வைத்தால்தான் பொருள். அக்கருவியோடு எடைத் தராசையும் இணைக்கும் பணி 2025-ஆம் ஆண்டில் நடைபெற்றது. வத்திராயிருப்பு, இராசபாளையம் பகுதிக் கிணறுகளில், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துக் கைப்பேசியிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் வழங்கியது. மானாவாரி நிலங்களில் மழைமானியும் மண் ஈரமானியும் வைக்கும் பேச்சு எழுந்திருக்கிறது. அருப்புக்கோட்டை, சுந்தரபாண்டியம் போன்ற நெசவூர்களில் நூல் கிடங்கின் ஈரப்பதத்தைத் தானே அளந்து தெரிவிக்கும் சிறு கருவிகளைப் பற்றி விற்பனையாளர் வந்து விளக்கம் கூறுகின்றனர். 2022-ஆம் ஆண்டில் நடுவணரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடியில் திட்டம் வகுத்தபின், கணினி என்பது சங்கத்துக்குப் புதிய பொருளே அன்று.

இவை யாவும் நன்மை தருவன. நள்ளிரவில் மோட்டார் போடுவதற்காகப் பாம்பும் தேளும் கிடக்கும் வரப்பில் நடந்த விவசாயிக்கு அக்கருவியின் அருமை தெரியும். எனவே கருவி வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் இங்கு இல்லை. அக்கருவி எவருடைய சொல்லைக் கேட்கிறது என்பதே கேள்வி.

மேகம் எனப்படுவது

இக்கருவிகள் ஒன்றோடொன்று நேரே பேசுவதில்லை. ஒவ்வொன்றும் தன் செய்தியைத் தொலைவிலுள்ள பெருங்கணினி நிலையத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து உரியவருக்குச் செய்தி செல்கிறது. இதனையே மேகக் கணிமை என்கின்றனர். பெயரில் மேகம் இருப்பினும் பொருள் மண்ணில்தான் இருக்கிறது. அமேசான் நிறுவனம் மும்பையில் 2016-ஆம் ஆண்டில் இத்தகைய நிலையத் தொகுதியைத் தொடங்கிற்று. சுருங்கக் கூறின், பிறர் இடத்தில் வாடகைக்கு எடுத்த கணினியே மேகம்.

கருவிகள் பேசும் முறைக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர். 1999-ஆம் ஆண்டில் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக இதனை உருவாக்கினர். அஞ்சல் நிலையத்தில் ஊர்வாரியாகத் தடுக்குகள் இருப்பது போல, இம்முறையில் தலைப்புவாரியாகச் செய்திகள் பிரிகின்றன. ஒரு தலைப்பில் எழுதும் உரிமை வேறு. அதனைப் படிக்கும் உரிமை வேறு. பன்னிரண்டாம் எண் கிணற்றின் நிலையைத் தெரிவிப்பது ஒரு தலைப்பு; அக்கிணற்று மோட்டாருக்குக் கட்டளை இடுவது மற்றொரு தலைப்பு. இவ்விரண்டின் வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

அனுமதியின் மூன்று வகைகள்

மேகத்தின் வாயிலில் வந்து நிற்கும் கருவியை உள்ளே விடுவதற்கு மூன்று வகை ஏற்பாடுகள் உண்டு.

முதல் வகை, தொழிற்சாலையிலேயே இட்டு அனுப்பிய கடவுச்சொல். ஆயிரம் கருவிகளுக்கும் ஒரே சொல். அது துண்டறிக்கையிலும் அச்சாகியிருக்கும். இதன் விளைவை உலகம் 2016-ஆம் ஆண்டில் கண்டது. மிராய் என்ற தீநிரல், ஏறத்தாழ 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் இருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் வீட்டு இணையப் பெட்டிகளையும் தன்வசப்படுத்திற்று. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அப்பெரும்படை டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணிநேரம் முடங்கின. இதன்பின், இங்கிலாந்து 2024 ஏப்ரல் 29 முதல் வீட்டு இணையக் கருவிகளில் பொதுக் கடவுச்சொல் வைத்து விற்பதைச் சட்டத்தால் தடுத்தது.

இரண்டாம் வகை, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே மின்சான்றிதழ் அளித்தல். இது சிறந்த முறை. ஆதார் ஆணையம் 2017-ஆம் ஆண்டில் விரல்ரேகைக் கருவிகளுக்குப் பதிவுமுறையைக் கொண்டுவந்ததும் இக்கருத்தினாலேயே. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாளமும் தனிச் சாவியும் உண்டு; பதிவு பெறாத கருவியிலிருந்து வரும் ரேகை ஏற்கப்படாது. ஆயினும் மின்சான்றிதழைத் தாங்கும் வலிமை எல்லாச் சிறு கருவிகளுக்கும் இருப்பதில்லை. மேலும், இக்கருவி மெய்யானதே என்று சான்றிதழ் கூறுமேயன்றி, இக்கருவிக்குரிய உறுப்பினர் இன்றும் உறுப்பினராக உள்ளாரா, அவருக்கு இன்று நீர்முறை உண்டா என்பதை அது அறியாது. அதனை அறிந்தது நம் பதிவேடு ஒன்றே.

மூன்றாம் வகை இக்குறையை நிறைவு செய்கிறது. வாயிற்காவலன் கருவியை உள்ளே விடுமுன், சங்கத்தின் பதிவேட்டைக் கேட்டு முடிவு செய்யும்படி அமைத்துக்கொள்வதே அது. தொழில்நுட்பர் இதனைத் தனி அனுமதி ஏற்பாடு என்பர். அமேசானின் மேகத்தில் இவ்வசதி உண்டு. வேறு நிறுவனங்களும் இதனை ஒத்த வசதிகளை அளிக்கின்றன. நம் சங்கங்கள் நாட வேண்டியது இம்மூன்றாம் வகையே என்பது என் கருத்து.

வேலை செய்யும் விதம்

இதன் நடைமுறை நம் சங்க நடைமுறைக்கு மிக நெருங்கியது.

முதலில், சங்கம் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாளச் சீட்டு எழுதுகிறது. அதனைத் தன்னிடம் மட்டுமே உள்ள மறைச்சாவியால் மின்முத்திரை இட்டுக் கொடுக்கிறது. அம்முத்திரையைச் சரிபார்ப்பதற்குரிய பொதுச்சாவியை மேக நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்படைக்கிறது. வங்கிக்கு மாதிரிக் கையொப்பம் அனுப்புவதற்கு இஃது ஒப்பாகும்.

கருவி வாயிலுக்கு வந்து சீட்டையும் முத்திரையையும் காட்டுகிறது. முத்திரை பொய்யாயின் கருவி அங்கேயே திருப்பி அனுப்பப்படும். நம் பதிவேட்டைத் திறக்கும் வேலையே எழாது. இதனால் போலிகள் ஆயிரக்கணக்கில் வந்து மோதினும் நம் செலவு ஏறாது. இம்முத்திரைச் சோதனை வேண்டாமென விட்டுவிடவும் அமேசானின் ஏற்பாட்டில் வழி உண்டு. வேலை எளிதாகிறது என்று எவரேனும் அவ்வழியைக் காட்டினால், சங்கத்தார் இணங்கலாகாது.

முத்திரை மெய்யாயின், சங்கம் எழுதி வைத்த சிறு நிரல் ஒன்று விழித்தெழுகிறது. அது பதிவேட்டைப் பார்த்து நான்கு செய்திகளைத் திருப்பிச் சொல்கிறது. உள்ளே விடலாமா, கூடாதா என்பது முதலாவது. இக்கருவியைக் கணக்கில் எப்பெயரால் குறிப்பது என்பது இரண்டாவது. எந்தெந்தத் தலைப்பில் எழுதலாம், எதனைப் படிக்கலாம் என்பது மூன்றாவது. இவ்வனுமதி எவ்வளவு நேரம் செல்லும், எப்போது மீண்டும் கேட்க வேண்டும் என்பது நான்காவது. அமேசானின் முறையில் இக்கால அளவைக் குறைந்தது 5 நிமிடம் முதல், மிகுதியாக 24 மணிநேரம் வரை வைக்கலாம். வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் தடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீட்டும் முத்திரையும் சேர்ந்து களவு போனால், திருடனும் அதே சீட்டைக் காட்டி உள்ளே வரலாம். பதிவேட்டில் பெயரை நீக்கினாலும், முன்பு கொடுத்த அனுமதியின் காலம் முடியும்வரை அவன் உள்ளேயே இருக்கக் கூடும். ஆதலால் காலத்தைப் பார்த்து வைக்க வேண்டும். மழைமானிக்கு ஒரு நாள் கொடுத்தால் கேடு பெரிதில்லை. மோட்டாருக்கும் தராசுக்கும் நிமிடக் கணக்கே தகும்.

தராசும் நூலும்

இவையெல்லாம் கணினியாளர் கவலை, நெசவாளருக்கும் விவசாயிக்கும் என்ன என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்கு எடைத் தராசை எடுத்துக்காட்டாகக் கூறுவேன்.

நெசவாளர் சங்கத்தில் நூல் எடையிட்டுக் கொடுக்கப்படுகிறது. துணியும் கழிவும் எடையிட்டு வாங்கப்படுகின்றன. பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வணிகத்தில் அதன் இயல்பான ஈரப்பேறு 8.5 விழுக்காடு என்று கணக்கிடுகின்றனர். ஐப்பசி மழையில் எடையிட்ட நூலும் சித்திரை வெயிலில் எடையிட்ட நூலும் சிட்டம் ஒன்றாயினும் எடை ஒன்றாகா. கிடங்கின் ஈரமானி தவறாகச் சொன்னால், நூல் குறைந்ததற்கு நெசவாளி பொறுப்பாளி ஆவார்; கூலியில் பிடித்தம் விழும். தராசு சிறிதே பிறழ்ந்தாலும் விளைவு அதுவே.

சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்கீழ் தராசுகளுக்கு முத்திரை இடப்படுகிறது. அம்முத்திரை தராசின் உடலைக் காக்கும். ஆனால் இணையத்தோடு இணைந்த தராசில், உள்ளிருக்கும் கணக்கைத் தொலைவிலிருந்தே மாற்றும் வழி திறந்திருந்தால், வெளியே இட்ட முத்திரை எதனைக் காக்கும்? கதவைப் பூட்டிவிட்டுக் கூரையைத் திறந்து வைத்த கதையாகும். ஆகவே அனுமதிப் பட்டியலில், எடையைத் தெரிவிக்கும் தலைப்பில் எழுத மட்டுமே தராசுக்கு உரிமை இருத்தல் வேண்டும். தராசின் அளவைத் திருத்தும் கட்டளைக்கு இணைய வழியே இருத்தலாகாது. திருத்த வேண்டுமாயின் ஆள் நேரில் வரட்டும், மறுமுத்திரை இடட்டும், ஏட்டில் எழுதட்டும்.

கிணற்று மோட்டாருக்கும் இதுவே நியாயம். இன்றுள்ள பெரும்பாலான கருவிகள், தம்முள் பதிந்து வைத்த கைப்பேசி எண்களின் சொல்லைக் கேட்கின்றன. எண்ணைப் பதிந்தவர் தந்தை. அவர் காலமானபின் எண்ணும் அணைந்துவிடுகிறது. நிலத்தில் உழைப்பவர் மனைவி. அவர் எண் அதில் இல்லை. நிலத்தை விற்றுவிட்டவர் எண் இன்னும் உள்ளே இருக்கிறது. சங்கத்தின் பதிவேட்டிலோ, வாரிசு நியமனமும் உறுப்பினர் மாற்றமும் முறையாக எழுதப்படுகின்றன. அனுமதி அப்பதிவேட்டிலிருந்து பிறக்குமாயின், வாரிசின் பெயர் ஏறிய அன்றே மோட்டாரும் அவர் சொல்லைக் கேட்கும். விதவைப் பெண் ஒருவர் கருவி விற்றவரைத் தேடி மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

நியாயவிலைக் கடையில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் படிவம் ஒன்றை நிறைவு செய்து, தம் சார்பில் பொருள் வாங்க வேறொருவரை நியமிக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாட்டரசு வைத்திருக்கிறது. விரல்ரேகையை மட்டுமே அறிந்த கருவிக்கு, மனிதர் வகுத்த விதி ஒன்று வழிகாட்டுகிறது. தனி அனுமதி ஏற்பாட்டின் உட்பொருளும் இதுவேயாகும்.

பட்டாசுத் தொழில் கற்பிக்கும் பாடம்

நம் மாவட்டத்தாருக்கு இதனைப் பட்டாசுத் தொழிலைக் கொண்டு விளக்கினால் மேலும் எளிதில் புரியும். ஒரு வீட்டில் ஒருவர் தறியில் இருக்க, மற்றொருவர் சிவகாசிக்கோ சாத்தூருக்கோ பட்டாசு வேலைக்குச் செல்வது இங்கு வழக்கம். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். ஓர் அறையில் இன்ன வேலை, இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. ஏன்? ஓர் அறையில் தீப்பற்றினால் அது அவ்வறையோடு நிற்க வேண்டும் என்பதற்காகவே.

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சீட்டும், அதற்கெனக் குறுகிய அனுமதியும் கொடுப்பது இவ்விடைவெளியை விடுவது போலாகும். ஒரு மழைமானியைத் திருடன் கைப்பற்றினால், அவன் பொய்யான மழையளவை அனுப்பலாம், அவ்வளவே. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தால், அதே மழைமானி வழியாக எல்லா மோட்டாரையும் நிறுத்தலாம்.

மற்றொரு பாடமும் உண்டு, அது துயரமானது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. அனுமதியை ஏட்டில் நீக்குவதோடு வேலை முடிவதில்லை. அந்நீக்கம் வாயிற்கதவு வரை சென்று சேர வேண்டும். ஏட்டுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தொலைவே ஆபத்தின் இருப்பிடம். கருவியுலகில் அத்தொலைவைச் சில நிமிடங்களாகக் குறைக்க முடியும் என்பதே நான் கூறும் ஏற்பாட்டின் தலையாய பயன்.

விற்றவரே பார்த்துக்கொள்ளட்டுமே?

இவ்வளவு தொல்லை எதற்கு, கருவியை விற்ற நிறுவனமே அனுமதியையும் பார்த்துக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். மூன்று நிகழ்ச்சிகளைக் கூறி விடையளிக்கிறேன்.

2022-ஆம் ஆண்டில் உக்ரைன் நாட்டின் மெலிடோபோல் நகரில், ஜான் டீர் நிறுவன முகவரின் கூடத்திலிருந்து அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் கொள்ளை போயின. கொண்டு சென்றவர்கள் அவற்றை இயக்க முற்பட்டபோது, தொலைவிலிருந்தே அவை பூட்டப்பட்டிருப்பதைக் கண்டனர். கள்வரிடமிருந்து பூட்டியது நன்றே. ஆனால் கள்வனிடமிருந்து பூட்ட வல்ல கை, உடையவனிடமிருந்தும் பூட்ட வல்லது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற வீட்டுக் கருவி நிறுவனத்தின் கணினிகள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. வாங்கியவர்கள் திகைத்து நின்றனர். சிறு நிறுவனந்தானே என்போருக்கு இன்னொன்று: கூகுள் நிறுவனமே கருவிகளுக்கென நடத்தி வந்த மேகச் சேவையை, ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து, 2023 ஆகஸ்டு 16-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது.

உறுப்பினர் பட்டியலும் அனுமதி விதிகளும் விற்றவரிடமே இருந்தால், அவர் கடையை அடைக்கும் நாளில் நம் சங்கமும் அடைபடும். அவை நம்மிடம் இருந்தால், ஒரு மேகத்தை விட்டு மற்றொரு மேகத்துக்குச் செல்லலாம். வாடகை வீட்டில் குடியிருக்கலாம். பத்திரத்தை வீட்டுக்காரனிடம் கொடுத்து வைப்பார் உண்டோ?

எதிர்வாதங்கள் இரண்டு

எனினும் இவ்வேற்பாட்டுக்கு எதிராகக் கூறத்தக்க நியாயங்கள் உள்ளன. அவற்றை மறைத்தல் முறையன்று.

முதலாவது, நம் பதிவேட்டுக் கணினி ஒரு நாள் படுத்துவிட்டால் எந்தக் கருவிக்கும் புதிய அனுமதி கிடைக்காது. மும்முனை மின்சாரம் வந்த நேரத்தில் மோட்டார் ஓடாது. கணினி முடங்கிய நாளில் நியாயவிலைக் கடை வாசலில் காத்து நின்ற உறுப்பினர்களுக்கு இத்துன்பம் புதிதன்று. இவ்வாதம் உண்மையானதே. இதற்கு விடை, கையால் இயக்கும் விசையை எக்கருவியிலும் அகற்றக் கூடாது என்பதாகும். இணையம் இறந்தாலும் கிணறு இறக்கலாகாது. தராசும் இணையமின்றி எடையிட்டுச் சீட்டுத் தர வேண்டும். கணக்கு பிறகு சேரலாம்.

இரண்டாவது, இவ்வேலையைச் செய்யும் ஆள் எங்கே என்பது. நானூறு உறுப்பினர் கொண்ட நெசவாளர் சங்கம் ஒன்று தனக்கெனக் கணினிப் பொறியாளரை அமர்த்த இயலாது, அமர்த்தவும் வேண்டியதில்லை. தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ கூட்டுறவு? மாவட்ட அளவில் ஒரே அனுமதி ஏற்பாட்டை அமைத்து, ஒவ்வொரு சங்கமும் தன் பதிவேட்டுப் பகுதியைத் தானே ஆளலாம். நம் மாவட்டத்துப் பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயிலும் நெசவாளர், விவசாயிகளின் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்கவும் கூடும். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வெளியூர்த் தீப்பெட்டியை வாங்கி விற்பதோடு அவர்கள் அமைந்திருந்தால், இன்றைய சிவகாசி ஏது?

சங்கங்கள் செய்யத்தக்கன

ஆதலின், பின்வருவனவற்றை நிர்வாகக் குழுக்களின் ஆய்வுக்கு வைக்கிறேன்.

ஒன்று: இணையக் கருவி வாங்குமுன், அதன் அனுமதியைச் சங்கத்தின் பதிவேட்டோடு இணைக்க இயலுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுக. இயலாதெனின், விலை மலிவாயினும் வாங்கற்க.

இரண்டு: நகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு போலக் கருவிப் பதிவேடு ஒன்று தொடங்குக. கருவி எது, எங்கே உள்ளது, யாருக்குரியது, எதைத் தெரிவிக்கலாம், எதைச் செய்யலாம், அனுமதி எந்நாள் வரை என்ற ஆறும் அதில் இருத்தல் வேண்டும்.

மூன்று: தெரிவிக்கும் உரிமையையும் இயக்கும் உரிமையையும் ஒரே சீட்டில் கலவாதிருக்க. ஈரமானி மோட்டாருக்குக் கட்டளையிட வேண்டிய தேவை யாதும் இல்லை.

நான்கு: மறைச்சாவியை இரும்புப் பெட்டிச் சாவியாகவே கருதுக. செயலாளர் ஒருவரே அனுமதி வழங்கவும் நீக்கவும் வல்லவராக இருப்பின், அதிகாரம் விற்றவரிடமிருந்து நீங்கிச் செயலாளரிடம் குவிந்ததாகவே முடியும். இருவர் இசைவின்றி எந்த அனுமதியும் ஏறலாகாது. களவு போன கருவியின் அனுமதியை நீக்குவதற்கு மட்டும் ஒருவரே போதும். அவர் மறுநாளே குழுவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஐந்து: யாருக்கு எப்போது அனுமதி தரப்பட்டது, மறுக்கப்பட்டது என்ற நாட்குறிப்பைக் காத்து வைக்குக. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட கட்டளை, இத்தகைய குறிப்புகளை 180 நாள் வைத்திருக்கவும், தாக்குதல் நேர்ந்தால் அறிந்த 6 மணிநேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது. தணிக்கையாளரும் ஆய்வாளரும் ரொக்கப் புத்தகத்தைக் கேட்பது போல் இதனையும் கேட்க வேண்டும். என்னை ஒத்த ஆய்வாளர்கள் இதனைப் படித்தறியக் கற்றுக்கொள்ளுதல் எங்கள் கடமை.

ஆறு: ஆண்டுப் பொதுப் பேரவையில், எத்தனை கருவிகள், எத்தனை அனுமதிகள், நீக்கப்பட்டவை எத்தனை என்று தமிழில் படித்துக் காட்டுக. தம் கிணற்றை இயக்க வல்லவர் யார் யார் என்று கேட்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. அக்கேள்விக்கு அவையிலேயே விடை கிடைக்க வேண்டும்.

நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டின் கடன் சங்கச் சட்டத்தோடு கூட்டுறவு வேரூன்றியபோது, ஏழை விவசாயிக்குக் கடன் கொடுப்பது யார் என்பதே பெரிய வினாவாக இருந்தது. கடன் கொடுத்தவரே கணக்கையும் எழுதினார். ஆதலால் கடன் தீரவேயில்லை. கணக்கைத் தம் கைக்குக் கொண்டுவந்ததே அன்று சங்கத்தார் செய்த பெரும்பணி. இன்று கருவி கொடுப்பவரே அனுமதியையும் எழுதும் நிலை வந்துகொண்டிருக்கிறது. அந்த ஏட்டையும் நம் கைக்குக் கொண்டுவருவோமாக. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு ஒவ்வோர் உறுப்பினரும் தம் சங்கத்தைக் கேட்பாராயின், வேலை தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.